நன்றி சொல்லுமுன் பாக்கியைத் தீருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தந்தை நடத்திவந்த உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பை இந்த ஆண்டுதான் ஏற்றேன். சப்ளையர்கள், டீலர்கள், சரக்கு அனுப்புவோர் என ஏறத்தாழ நூறு பேருக்கு ஆண்டு இறுதியில் என் பெயரில் நன்றிக் கடிதம் போக வேண்டும் என்கிறார்கள். பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். தேதியைத் தவிர எதுவும் மாறவில்லை. இந்த ஆண்டு எங்களுக்கு நல்ல ஆண்டும் அல்ல. ஒரு பெரிய ஆர்டர் கைநழுவியது. சிலருக்குப் பணம் கொடுக்கவும் தாமதமாயிற்று. இவற்றை எழுதலாமா, வாழ்த்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதையா?

பதில்: எழுதுங்கள். ஆனால் தாமதமானவர்களுக்கு உங்கள் கடிதத்துக்கு முன்பாகப் போய்ச் சேர வேண்டியது அவர்களுடைய பணம். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு டிசம்பர் மாதம், தங்க நிற எழுத்துகள் பொறித்த தடித்த வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. எங்களுடனான உறவு விலைமதிப்பற்றது என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அனுப்பிய நிறுவனம் எங்களுக்கு நான்கு மாத பில் பாக்கி வைத்திருந்தது. என் மேலதிகாரி அட்டையை ஒருமுறை படித்தார். ஒன்றும் சொல்லாமல் பஞ்ச் செய்து அந்தப் பாக்கிக் கோப்பிலேயே சேர்த்துவிட்டார். ஓரத்தில் இரண்டு துளை விழுந்த அந்த அட்டை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முழுத் தொகையையும் இப்போது கொடுக்க இயலாவிட்டால், எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்பதை எழுதி, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

ஆர்டர் போனதை மறைப்பதால் பயன் இல்லை. உங்களுக்கு மூலப்பொருள் தருபவர் அதை உங்கள் ஆண்டுக் கணக்கு முடியும் முன்பே, தம்மிடமிருந்து கிளம்பும் லோடுகளின் எண்ணிக்கையில் பார்த்திருப்பார். அவர் அறிய விரும்புவது வேறு: வரும் ஆண்டில் உங்கள் தேவை கூடுமா குறையுமா, அவர் ஆட்களையும் இயந்திரத்தையும் உங்களை நம்பி வைத்திருக்கலாமா என்பதுதான். தெரிந்த அளவுக்கு அதைச் சொல்லுங்கள். வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் விலை விவரமும் மட்டும் கடிதத்தில் வர வேண்டாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், வெளியிடப்படாத நிதி விவரங்களைச் சிலருக்கு மட்டும் தனியே தெரிவிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இனி நன்றி. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோது, எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சரக்கு, பின்னால் காத்து நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஒன்றில் இருந்தது. அந்த ஆண்டு முடிவில் அவர்களுடைய நிர்வாக இயக்குநர் எழுதிய கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன. 'மார்ச் மாதத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஆவணப் பிரிவிலிருந்து எங்களுக்கு போன் வந்தது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் வந்தது. அதனால்தான் எங்கள் ஆலையை எந்த நாளில் நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவெடுக்க முடிந்தது' என்று எழுதியிருந்தார். போன் செய்தவர் எங்கள் ஆவணப் பிரிவின் இளநிலை ஊழியர். அந்தக் கடிதத்தின் நகலைத் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது அங்கேயே இருந்தது. 'உங்கள் தொடர்ந்த ஒத்துழைப்புக்கு நன்றி' என்ற வாக்கியத்தை யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை.

நூறு பேருக்கும் தனித்தனியாக எழுத முடியுமா என்று கேட்பீர்கள். கடிதத்தின் உடல் பொதுவாக இருக்கட்டும். அடியில் இரண்டு வரிகளை மட்டும் உங்கள் கையால், அவரவருக்கு உரியதாக எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்து என்றால் பத்து நாளில் முடிந்துவிடும். கேம்ப்பெல் சூப் நிறுவனத்தை 2001 முதல் 2011 வரை வழிநடத்திய டக்ளஸ் கோனன்ட், தம் ஊழியர்களுக்கு ஏறத்தாழ 30,000 நன்றிக் குறிப்புகளைக் கையால் எழுதியவர். என்ன எழுதுவது என்பதற்குக் கிடங்குப் பொறுப்பாளரையும் கணக்கரையும் கேளுங்கள். அவசரத்துக்கு யார் உதவினார்கள், யார் விடுமுறை நாளில் கதவைத் திறந்து சரக்கு கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லும் பெயர்களில் பாதி நீங்கள் கேள்விப்படாதவையாக இருக்கக்கூடும்.

கேள்வி: தினமும் போனில் விலை பேசிச் சண்டையிடும் ஒருவருக்கு ஆண்டு முடிவில் உருக்கமாக நன்றி எழுதினால் செயற்கையாகத் தோன்றாதா? எனக்கு எழுதவும் அவ்வளவாக வராது.

பதில்: அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் தயக்கத்தைப் பற்றியதே. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு ஏற்படும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைவாகவும், அவருக்கு ஏற்படும் சங்கடத்தை அதிகமாகவும் கணித்திருந்தார்கள். தம் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று எழுதியவர்கள் கவலைப்பட்ட அளவுக்குப் பெற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. உருக்கம் தேவையில்லை. விலையில் விட்டுக்கொடுக்காதவர், சொன்ன நாளில் சரக்கை அனுப்பியிருந்தால், அதை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: கடிதத்தோடு பரிசும் அனுப்பலாமா?

பதில்: பெறுபவருடைய நிறுவனத்தின் பரிசு விதிகளை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பல நிறுவனங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன, சில எதையும் ஏற்பதில்லை. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு அரசு அலுவலர்களுக்குக் காரியம் கருதிக் கொடுப்பதைத் தடை செய்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு இடையே நடப்பதையும் பிடிக்கிறது. வீட்டு முகவரிக்கு அனுப்பாதீர்கள். டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாட்காட்டிகூட அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எல்லாரும் ஒரே பண்டிகையைக் கொண்டாடுபவர்கள் அல்லர். எந்த வாழ்த்தை எழுதுவது, எப்போது அனுப்புவது?

பதில்: அவர் கொண்டாடும் பண்டிகை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அதன் பெயரையே சொல்லி வாழ்த்துங்கள், தெரியாதபோது புத்தாண்டு வாழ்த்து போதும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர், வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்ததே முதலில் விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் அட்டை எனப்படுகிறது. அவசரத்துக்குப் பிறந்த அந்த அட்டையிலும் பெறுபவர் பெயரைக் கையால் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஆகவே 'அன்புடையீர்' என்று அச்சடிக்காமல் பெயரை எழுதுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். கடைசி வாரத்தில் போகும் கடிதம், விடுமுறைக்குப் போனவரின் மேஜையில் ஜனவரி வரை பிரிக்கப்படாமல் கிடக்கும். கையெழுத்துக்குக் கீழே உங்கள் நேரடித் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள்; சிலர் அழைத்துப் பேசுவார்கள்.