கேமராவைக் கொஞ்சம் திருப்புங்கள் சார்

கேள்வி: எனக்கு 61 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் பைத்தியம். பள்ளிக்கூடம் விட்டதும் ரயிலடிக்கு ஓடிப்போய் நீராவி என்ஜின் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இப்போது பத்து வருடமாக ஃபோனில் வீடியோ எடுக்கிறேன். ஆனால் மனசு விட்டுப்போகிறது. நான் வழக்கமாக நின்ற சாந்தப்பிள்ளை கேட் மேம்பாலமாகிவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு, காமராஜ் மார்க்கெட் என்று நகரமே இடித்துக் கட்டப்பட்டு வேறு மாதிரி இருக்கிறது. ரயிலும் எல்லாம் ஒரே மாதிரி மின்சார என்ஜின், ஒரே மாதிரி பெட்டி. இதை எடுத்து என்ன ஆகப்போகிறது? போன மாதம் ஒரு ஸ்டேஷனில், பேரன் பக்கத்தில் நிற்கும்போதே ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஃபோனை வாங்கிப் பார்த்து அதட்டிவிட்டார். மருமகள் இனிமேல் பையனை அனுப்ப மாட்டேன் என்கிறாள். மகன், "யூடியூபில் போட்டாலாவது காசு வரும்" என்கிறான். விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சார், விட வேண்டாம். ஆனால் எடுக்கிற விதத்தை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பதினேழு வீடியோக்களையும் உட்கார்ந்து பார்த்தேன். கை ஆடாமல், ஃபோனைப் படுக்கையாகப் பிடித்து, சுத்தமாக எடுத்திருக்கிறீர்கள். தூரத்தில் என்ஜின் புள்ளியாகத் தெரியும்போது தொடங்குகிறீர்கள். கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கிற எக்ஸ் குறி தாண்டியதும் நிறுத்திவிடுகிறீர்கள். பதினாறு வீடியோவும் அப்படித்தான். பதினொன்றாவதில் மட்டும் நிறுத்த மறந்துபோயிருக்கிறீர்கள். திருவாரூர் பக்கம் ஏதோ ஒரு கேட். ரயில் போய்விட்டது. கேட்கீப்பர் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுகிறார். கேட் முழுசாக ஏறுவதற்குள் ஒரு பாட்டி இரண்டு ஆடுகளை இழுத்துக்கொண்டு குனிந்து நுழைகிறார். அவருக்குப் பின்னால் டிவிஎஸ் வண்டியில் நாற்று முடிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர். முடிகளிலிருந்து தண்ணீர் சொட்டித் தார் ரோட்டில் கோடு போடுகிறது. அதற்குள் உங்களுக்கு நினைவு வந்து நிறுத்திவிட்டீர்கள். மொத்தம் இருபது விநாடி இருக்கும். அந்த இருபது விநாடியை நான் மூன்று தடவை பார்த்தேன். மற்ற பதினாறையும் ஒரு தடவைதான் பார்த்தேன்.

நான் மாயவரத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை, அதாவது இப்போதைய அகலப்பாதையைவிடக் குறுகலான பாதை, போனது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகப் போகும். 1986இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் தாத்தாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். குடும்பமே அந்த ரயிலில்தான் போனோம். கூட வந்த ஃபோட்டோகிராஃபர் இறங்கின உடனே பிளாட்ஃபாரத்திலேயே எங்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். எல்லோரும் படத்துக்குள் அடங்க வேண்டும் என்று அவருக்குக் கவலை. அதனால் ரயில் போச்சு, ஸ்டேஷன் போச்சு. ஓரத்தில் மட்டும் பெயர்ப்பலகையில் 'டையூர்' என்கிற பாதி, ஒன்றரை ஜன்னல், டீ கெட்டிலோடு ஒரு பையன் தற்செயலாக விழுந்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் படத்தை யார் கையில் வாங்கினாலும் தாத்தா பாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த ஓரத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். அந்தப் பாதையைப் பற்றி எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கட்டை விரல் அகலம்தான். அவர் இரண்டடி பின்னால் போய் நின்று எடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரயில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். மன்னார்குடியிலிருந்து கிளம்புகிற ஒரு ரயில் ராஜஸ்தானில் ஜோத்பூர் வரைக்கும் போகிறது. அதே பெட்டியை அங்கே ஒருவர் அவர் ஊர்ப் பாலத்தில் நின்று எடுத்துக்கொண்டிருப்பார். என்ஜினும் பெட்டியும் ஊருக்கெல்லாம் பொது. அதைச் சுற்றி நிற்கிறது இருக்கிறதே, அதுதான் நம்முடையது. அதைத்தான் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள்.

அது எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதையாகி 2019இல் திறந்தபோது கேட்டுகளில் ஆள் போடவில்லை. கேட்கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், ரயில் தாண்டி மறுபடி நிற்கும், இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் போல ஆனது. ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள், பத்திரிகைகள் எழுதின. பிறகு கேட்டுகளுக்கு ஆள் வந்தார்கள், நல்லது. அன்றைக்கு அந்த ரயில் பட்டுக்கோட்டைப் பக்கம் போனதை எடுத்தவர்கள் இருப்பார்கள். அந்தக் கேட்கீப்பர் ஓடிவந்து ஏறியதை முழுசாக எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? நீராவி என்ஜின் போனதற்கு நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். இது நேற்று நடந்தது சார்.

உங்கள் ஊர்ப் பாதையும் ஒரே மாதிரி இருந்ததே இல்லை. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு முதலில் போட்டது அகலப்பாதைதான். 1870களில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலமாக்கினோம். நீங்கள் சின்ன வயதில் பார்த்ததே இரண்டாவது பாதை. உங்கள் பேரன் பார்ப்பது மூன்றாவது.

சரி, எங்கே போய் எடுப்பது? நீடாமங்கலத்துக்குப் போங்கள், தஞ்சாவூரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடம். மன்னார்குடிக்குக் கிளை பிரிவதும் அங்கேதான், சில ரயில்களுக்கு என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். அதற்கும் கேட், சரக்கு ரயில் வந்தாலும் கேட். "கேட் போட்டுட்டான்" என்று பஸ்ஸில் ஒரு குரல் கேட்டதும் கண்டக்டர் இறங்கி டீக்கடைக்குப் போவார், குழந்தைகள் ஜன்னலில் தலை நீட்டும், வெள்ளரிப்பிஞ்சுக்காரம்மா வரிசையாக ஜன்னல் ஜன்னலாக வருவார். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். அந்த ஊர்க்காரர்கள் மேம்பாலம் கேட்பது முழு நியாயம், அது வந்தே ஆக வேண்டும். வந்த பிறகு அந்தக் காத்திருப்பு இருக்காது. இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ரயிலுக்கு முன்னால் ஒரு நிமிடம், ரயிலுக்குப் பின்னால் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள்.

அப்புறம் நெல். குறுவை, சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் ரயிலேறுகிற நாட்களில் தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். '21 வேகன்களில் 1,250 டன் நெல் அனுப்பப்பட்டது' என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். அந்த 1,250 டன்னும் ஆள் தோளிலும் தலையிலும் ஏறியதுதான். உள்ளே போக அனுமதி வேண்டும். கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வெளியே ரோட்டில் நின்று லாரி வரிசையை எடுங்கள். சுமைதூக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகத்தை எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள்.

சத்தத்தையும் விடாதீர்கள். இரண்டு வீடியோவில் நாதஸ்வரம் சேர்த்திருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டதால் பழைய 'தடக் தடக்' இப்போது குறைந்துவிட்டது. ஸ்டேஷன் அருகே தண்டவாளம் பிரிகிற பாயிண்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் கேட்கும். கும்பகோணம் பக்கம் இன்னும் ஒற்றைப் பாதைதான், எதிர் ரயிலுக்காக வண்டியை ஓரம்கட்டி நிறுத்துவார்கள். அப்போது பெட்டிக்குள் ஒரு அமைதி வரும் பாருங்கள், மின்விசிறிச் சத்தமும் யாரோ டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தமும் மட்டும். இரட்டைப் பாதை வந்தால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் தேதி, இடம், ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். என்ஜினின் பக்கவாட்டில் எண்ணும் அதைப் பராமரிக்கிற ஷெட்டின் பெயரும் எழுதியிருக்கும், முடிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபோனில் மட்டும் வைக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து வையுங்கள்.

நின்ற இடம் மேம்பாலமாகிவிட்டது என்கிறீர்களே, அதன் மேலே ஏறிப் பாருங்கள். கீழே நின்றபோது உங்களுக்குச் சக்கரம்தான் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பாதையோடு சேர்ந்து மொட்டை மாடிகள், காயப்போட்ட வேட்டி, புதுசாக முளைத்த கட்டடங்கள் எல்லாம் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடம், அதே நேரம், அதே கோணத்தில் எடுத்துவாருங்கள். நகரம் மாறுவதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எடுக்க வேண்டிய விஷயமே அதுதான் என்பேன். ஒன்று மட்டும்: கீழே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே பாயும். பாலத்துக் கைப்பிடிக்கு வெளியே செல்ஃபி குச்சி, குடை எதையும் நீட்டக் கூடாது.

போலீஸ்காரர் அதட்டியது பேரன் முன்னால் நடந்ததால் உங்களுக்கு அதிகமாக வலித்திருக்கிறது. அதட்டாமல் சொல்லியிருக்கலாம். அவர்கள் பக்கமும் யோசியுங்கள், தண்டவாளத்தில் வீடியோ எடுக்கப்போய் அடிபட்டவர்களை அவர்கள்தான் தூக்குகிறார்கள். அடுத்த முறை பத்து ரூபாய் பிளாட்ஃபார்ம் டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் செல்லும். உள்ளே போனதும் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, "ஓய்வு பெற்றவன், ரயில் ஆர்வத்தில் எடுக்கிறேன், எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் வந்துவிடுங்கள், பாலம் இருக்கிறது, ரோடு இருக்கிறது. தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் குற்றம். உங்கள் நாலாவது வீடியோவில் ஜல்லி மேல் நிற்கிறீர்கள், நிழல் காட்டிக்கொடுக்கிறது. அது கூடாது சார்.

யூடியூப் காசைப் பற்றி மகனிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். வியாபாரமாக எடுப்பதற்கு ரயில்வேயிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். அதைவிட, காசு என்று வந்தால் மறுபடி வேகமாக வருகிற என்ஜினைத்தான் துரத்துவீர்கள்.

கடைசியாகப் பேரன். மருமகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டீசல் என்ஜின் வருவது அரை மைலுக்கு முன்னாலேயே காதுக்குத் தெரியும். மின்சார என்ஜின் அப்படி இல்லை, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும். வேகமாக வருகிற ரயில் பிரேக் போட்டாலும் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் போல ஆகிவிடும். அதனால் மருமகளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நாலடி தள்ளித்தான் நிற்போம், பையன் கை என் கையில் இருக்கும், கேட்டுக்கும் பாலத்துக்கும் அவனைக் கூட்டிப் போக மாட்டேன் என்று. முதல் தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் சோழன் எக்ஸ்பிரஸ் வருகிற நேரமாகப் பார்த்து, ரயிலடியில் கூட்டம் குறைவான ஓரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பையனிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். பதினேழு வீடியோவிலும் நீங்கள் இல்லை, அந்த நாலாவதில் நிழல் மட்டும்தான். அவன் உங்களையும் ஊர்ப் பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுக்கட்டும், பின்னால் ரயில் போகட்டும். தலையை வெட்டி எடுத்துவிட்டாலும் அழிக்காதீர்கள். எடுத்ததும் எனக்கு ஒன்று அனுப்பி வையுங்கள்.