வாசலுக்கு வந்த நிழல்

கேள்வி: ஏனுங்க ஆசிரியரே, 2019 டிசம்பர்ல எங்க ஊர்லயே வளையக் கிரகணம் தெரிஞ்சுதுங்க. நான் கதவைச் சாத்திட்டு டிவியில தெளிவாப் பாத்துட்டேன். வெளிய நின்னவங்க இன்னமும் அதையே பேசறாங்க. எட்டாவது படிக்கிற பேத்தி, “ஏன் அப்புச்சி, வாசலுக்குக்கூடப் போகலையா?”ன்னு கேக்கறா. அப்படி என்னத்தைங்க நான் இழந்துட்டேன்?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: உங்கள் வாசலை இழந்துவிட்டீர்கள். டிவியில் நீங்கள் பார்த்தது யாரோ ஓர் ஊரில் கேமரா வைத்துக் காட்டிய சூரியன். அதே நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பதை எந்த சேனலும் காட்டவில்லை.

அன்று நான் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். மார்கழி மாதம், சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசல், ஓரத்தில் வேப்பமரம். எட்டு மணிக்கு மேல் சூரியனைச் சந்திரன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கியது. ஆனால் நாங்கள் மேலே பார்த்ததைவிடக் கீழே பார்த்ததுதான் அதிகம். இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தன. ஒன்பதரை மணியை ஒட்டி அத்தனையும் வளையங்களாயின. கோலத்தின் மேல், கயிற்றுக் கட்டிலின் மேல், பக்கத்தில் நின்ற பாட்டியின் வெள்ளைச் சேலையின் மேல் நூற்றுக்கணக்கில் வளையங்கள். மரத்தடியில் தினமும் விழும் வட்டப் பொட்டுகளும் சூரியனின் உருவங்கள்தான். ஆயுசு முழுக்க அவற்றின் மேல் நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

வெயிலும் மாறிவிட்டது. இருட்டவில்லை, மேகம் மறைத்த மாதிரியும் இல்லை. நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்க, வெளிச்சம் மட்டும் வலுவிழந்து நின்றது. தோலில் படும் சூடு குறைந்தது. யாரும் பேசவில்லை. சுமார் 3 நிமிடம். அவ்வளவுதான்.

சந்திரன் அன்று நம்மிடமிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட அதன் அளவு போதவில்லை. விளிம்பு மிஞ்சியதால் வளையம் தெரிந்தது. சவுதி அரேபியாவில் விடியலில் தொடங்கிய அந்த நிழல் அரபிக்கடலைக் கடந்து, கேரளக் கரையேறி, நீலகிரியைத் தாண்டி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக இறங்கி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று போயிற்று. கொங்கு நாட்டின் குறுக்கே போட்ட கோடு அது. ஒரே ஊருக்கு வளையக் கிரகணம் திரும்பி வர, சராசரியாக இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். வேறு நாட்டில் பணம் செலவழித்துத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்துக்காக ஜான்சென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கப்பலேறி குண்டூருக்கு வந்தார். அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறித்து வைத்த மஞ்சள் கோடு, பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. பூமியில் கண்டெடுப்பதற்கு முன்பே சூரியனில் கண்ட தனிமம். உங்களுக்கோ நிழல் வீடு தேடி வந்தது. நீங்கள் தாழ்ப்பாள் போட்டீர்கள்.

பயந்து சாத்தியிருந்தால், அந்தப் பயத்துக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம் போதாது. சாணி கரைத்த தண்ணீரில் பார்ப்பதும் ஆபத்துதான். இதற்கென்றே உள்ள கண்ணாடி வேண்டும். மற்றபடி அன்றைய சூரியனில் விசேஷ விஷம் எதுவும் இல்லை. தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திப் பார்த்தவர்களாவது வாசலில் நின்றார்கள். (அடி மட்டமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும், நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.) கண்ணாடி கிடைக்காவிட்டால் தள்ளித் தள்ளி ஓட்டை உள்ள ஒரு சல்லடை போதும். வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனைத் தரையில் போடும்.

உங்கள் பேத்தி சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதிலாக ஒரு தேதியைச் சொல்லுங்கள்: 2031 மே 21. அன்று மதியம் இன்னொரு வளையக் கிரகணம் கேரளத்தில் கரையேறி, தேனி, மதுரை வழியாகப் போகிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போய்ச் சேர உங்களுக்குப் பாதி நாள்கூட ஆகாது. கோடை வெயில் உச்சியில் இருக்கும். மரத்தடி வளையங்கள் உங்கள் காலடியிலேயே விழும். சல்லடையை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.