நான்-பைனரி பிள்ளைகள் ஏற்பைப் பெறும் இளையோர் நாவல்களில் முதலில் எதைப் படிக்கக் கொடுக்கலாம்?

உங்கள் உறவில் 16 வயதுப் பிள்ளை ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணரவில்லை (இதைத்தான் நான்-பைனரி என்கிறோம்) என்று உங்களிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பம் ஏற்றுக்கொள்வதாக முடியும் ஆங்கில நாவல் ஒன்று வேண்டும், அதைப் பெற்றோருக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

என் முதல் பரிந்துரை, மேசன் டீவர் எழுதி 2019இல் வெளிவந்த 'ஐ விஷ் யூ ஆல் தி பெஸ்ட்'. அதில் பெற்றோர் ஏற்றுக்கொள்வதில்லை. தெரிந்தேதான் சொல்கிறேன்.

கதை அமெரிக்காவின் வட கரோலினாவில் நடக்கிறது. பள்ளி இறுதியாண்டில் இருக்கும் பென், தான் நான்-பைனரி என்று அம்மா அப்பாவிடம் சொல்கிறார். அன்றிரவே வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். குளிர்காலம், காலில் செருப்புகூட இல்லை. பல வருடங்களாகத் தொடர்பே இல்லாத அக்கா ஹன்னாவைத் தொலைபேசியில் அழைப்பதைத் தவிர பென்னுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹன்னா வந்து அழைத்துப் போகிறாள். அவள் கணவன் தாமஸை பென் அதற்குமுன் பார்த்ததுகூடக் கிடையாது.

அந்த வீட்டில் நடப்பதுதான் எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பகுதி. நான்-பைனரி என்றால் என்னவென்று விளக்கச் சொல்லி யாரும் பென்னை வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. முதலில் படுக்க ஓர் அறை, அப்புறம் மாற்றுத்துணி, புதிய பள்ளியில் இடம், மனநல மருத்துவரிடம் போக ஏற்பாடு. புரிதல் பின்னால் மெல்ல வருகிறது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "எங்களுக்கு முதலில் புரியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி, அதுவரை பிள்ளையைத் தவிக்க விடுகிறோம். புரியாமலேயே சோறு போடலாம், பக்கத்தில் உட்காரலாம் என்று அந்த நாவல் காட்டுகிறது.

ஹன்னா ஒன்றும் தேவதை இல்லை. அதே பெற்றோரிடமிருந்து முன்பே வெளியேறியவள். சின்னப் பிள்ளையாக இருந்த பென்னை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனாள். அந்தக் கோபம் பென்னுக்குள் இருக்கிறது, அதை ஆசிரியர் பூசி மெழுகவில்லை. புதுப் பள்ளியில் நேதன் என்ற நண்பன் கிடைத்த பிறகும் பென் வெகுநாள் அவனிடம் உண்மையைச் சொல்வதில்லை. எப்போது சொல்லப்போகிறாரோ என்று நமக்குத்தான் பதைக்கிறது. அவசரப்படுத்தாமல் அந்தத் தயக்கத்துக்கு ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் பென்னுக்கு உரிமை உண்டு.

பெற்றோர் மனம் மாறிக் கண்ணீரோடு கட்டிக்கொள்ளும் முடிவை ஏன் முதலில் கொடுக்க வேண்டாம் என்கிறேன்? அப்படி மாறாத பெற்றோரும் இருக்கிறார்கள். கதையில் எல்லா அம்மாவும் மாறுகிறாள், என் அம்மா மட்டும் ஏன் மாறவில்லை, நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று அந்தப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் நிலை வரக் கூடாது. பென் பழைய வீட்டுக்குத் திரும்புவதில்லை. ஆனாலும் அன்பு கிடைக்கிறது, படிப்பு முடிகிறது, காதலும் வருகிறது.

என் அக்கா பிள்ளைக்கு இதைத்தான் கொடுத்தேன். புத்தகம் திரும்பி வந்தபோது, பென் மருத்துவரிடம் தன் பதற்ற நோயைப் பற்றிப் பேசும் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. "இப்படிப் பொறுமையாகக் கேட்கிற டாக்டர் நம் ஊரில் கிடைப்பாரா, சித்தி?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. காதல் காட்சிகளைத்தான் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவருக்கு எது தேவைப்பட்டது என்பது அப்போது தெரிந்தது. விசாரித்து ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்தோம்.

ஜெஃப் கார்வினின் 'சிம்ப்டம்ஸ் ஆஃப் பீயிங் ஹியூமன்' (2016) நாவலையும் பலர் சொல்வார்கள். அதில் வரும் ரைலி பிறப்பால் ஆணா பெண்ணா என்பதைக் கடைசிப் பக்கம்வரை ஆசிரியர் சொல்வதே இல்லை; கொஞ்ச நேரத்தில் நாமும் கேட்பதை விட்டுவிடுகிறோம். அருமையான எழுத்து. ஆனால் ரைலி தாக்கப்படும் காட்சி உண்டு. மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், பிறகு படிக்கட்டும்.

மாயா கோபாபேயின் 'ஜென்டர் குயீர்' நாவல் இல்லை, படக்கதை வடிவிலான தன்வரலாறு. 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகளும் அமெரிக்க நூலகங்களில் மிக அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் அறிவித்தது. நேர்மையான புத்தகம், உடலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுவதால் நீங்கள் முதலில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கு பென்னின் கதையைக் கொடுக்க மாட்டேன். எடுத்த எடுப்பில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக நினைத்து மூடி வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஜென் வாங்கின் 'தி பிரின்ஸ் அண்ட் தி டிரெஸ்மேக்கர்' (2018) பொருத்தம். பாரிஸில் நடக்கும் படக்கதை, ஒரே மூச்சில் படிக்கலாம். பகலில் இளவரசன் செபாஸ்டியன், சில இரவுகளில் கவுன் அணிந்து லேடி கிறிஸ்டாலியா. செபாஸ்டியனுக்கு எந்தப் பெயர்ச்சீட்டும் ஒட்டப்படவில்லை. கடைசியில் அப்பாவான அரசரே கவுன் போட்டுக்கொண்டு ஆடை அணிவகுப்பு மேடையில் நடந்து வருகிறார். கற்பனைதான், ஆனால் அப்பாக்களை அழைக்கும் கற்பனை. அக்கா அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, "ராஜாவே நடக்கிறாரே" என்றாள். இரண்டு நாள் கழித்து பென்னின் கதையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆனால் பெற்றோருக்கு எதையும் கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேளுங்கள். உங்களிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. "ஏன் திடீரென்று இந்தப் புத்தகம்?" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்; அங்கே வந்து படிக்கட்டும்.