பிரபலமான சினிமாக்களில் கிறிஸ்தவ மனமாற்றத்துக்கான பாடங்களைத் தேடுவது சரியா?

கேட்டவர் வாலிபர் கூட்டமோ ஞாயிறு பள்ளியோ நடத்துகிறவர் என்று நினைக்கிறேன். படம் போட்டுக் காட்டி யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

தாராளமாகத் தேடலாம். "வேதம் போதாதா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: போதும். நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மதுரையில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 2012-இல் வந்த 'லே மிஸராப்ள' படத்தை லேப்டாப்பில் போட்டேன். வசனமே பாட்டாகப் போகிற ஆங்கிலப் படம். (சபைக்குப் ப்ரொஜெக்டர் உண்டு. அது கமிட்டி பீரோவில் இருக்கிறது, சாவி வெளியூர் போன ஒருத்தர் பையில் இருக்கிறது. காணிக்கையில் வாங்கிய பொருளுக்குத் துணி போர்த்தி வைத்துக் காவல் காக்கிற வழக்கம் என்றைக்கு ஒழியுமோ.) 19 வருஷம் சிறையிலிருந்து வந்த ஜான் வல்ஜான், சோறு போட்ட பிஷப் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடுகிறான். பிடித்து வந்த போலீஸ்காரர்கள் முன்னால் பிஷப், "இதை ஏன் விட்டுட்டுப் போனே?" என்கிற மாதிரி வெள்ளி விளக்குத்தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "இதைத்தானப்பா நாகையா 1950-லயே 'ஏழை படும் பாடு'ல நடிச்சாரு" என்றார். உண்மைதான், அதுவும் இதே கதைதான். அதில் போலீஸ்காரராக வந்த சீதாராமனுக்கு, அந்தப் பாத்திரத்தின் ஜாவர் என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

படம் முடிந்ததும் ஒரு தங்கச்சி கேட்டது: "ஏண்ணே, ஒரே பாட்டுல திருந்திட்டாரே, நம்புற மாதிரியா இருக்கு?"

நல்ல கேள்வி. இந்தப் படத்துக்கு மூலமான விக்டர் ஹ்யூகோவின் நாவலில் வல்ஜான் அப்படி ஒரே மூச்சில் திருந்துவதில்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், வழியில் ஒரு சின்னப் பையன் தவறவிட்ட காசின் மேல் காலை வைத்து மறைத்துக்கொள்கிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான், இவன் விரட்டிவிடுகிறான். பையன் போன பிறகுதான் காலுக்கடியில் காசு மின்னுவது கண்ணில் படுகிறது. தேடி ஓடுகிறான், பையன் கிடைக்கவில்லை. அங்கேதான் உடைந்து அழுகிறான். அந்தப் படத்தில் இந்தக் காட்சி கிடையாது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் அவர்களுக்குத் தெரியாது. அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு கன்வென்ஷனில், அதாவது பெரிய நற்செய்திக் கூட்டத்தில், கை தூக்கி, நான் மனந்திரும்பினேன் என்று மைக்கில் அழுது சாட்சி சொல்லியிருந்தேன். அதே டிசம்பரில் செல்லூர்ப் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போவது) போன காணிக்கைப் பை என்னிடம் இருந்தது. அதிலிருந்து 600 ரூபாய் எடுத்தேன். பெட்ரோலுக்கு, கோரிப்பாளையத்தில் பரோட்டாவுக்கு என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் 200-க்கு மேல் ஆகவில்லை.

மனந்திரும்புதலை நாம் பாட்டும் கண்ணீருமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். சினிமா மட்டுமா, மேடைச் சாட்சிகளும் அப்படித்தான். பைபிளில் லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு மனந்திரும்புகிறான், அவன் அழுததாக ஒரு வார்த்தை இல்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை (நாலு மடங்கு) என்று கணக்குத்தான் பேசுகிறான்.

 

அடுத்த ஞாயிறு 2,400 ரூபாயைக் கவரில் போட்டு, சபைப் பொருளாளர் அண்ணனிடம் கொடுத்தேன். "கேரல் காசுண்ணே, என்கிட்ட நின்னுபோச்சு" என்று முனகினேன். அவர் ரசீது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷக் கணக்கு ஆடிட் முடிஞ்சிருச்சே தம்பி, எதுல வரவு வைக்கிறது?" என்றார். கடைசியில் ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது கடவுளுக்கு நன்றியாகக் கொடுப்பது, என்று எழுதினார்.

அன்றைய ஆராதனை அறிவிப்பில் என் பெயரையும் தொகையையும் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா பெருமையாக என் முழங்கையைத் தட்டினாள். நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை.