ஒப்புமை காணும் மனமும் கணினியும்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருப்பதை உணர்வதும் ஒப்புமை காண்பதும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. அணுவைச் சூரியக் குடும்பத்தோடு ஒப்பிட்டவர்கள் சூரியனின் வெப்பத்தையோ நிறத்தையோ அணுக்கருவில் தேடவில்லை. நடுவில் கனமான ஒன்று இருக்கிறது, இலேசானவை அதைச் சுற்றுகின்றன, அதற்கு ஈர்ப்பே காரணம் என்ற உறவுகளின் கோவையையே எடுத்துச் சென்றார்கள். உறவுகளைப் பொருத்துவதே ஒப்புமை என்று உளவியலாளர் டெட்ரே ஜென்ட்னர் 1983இல் முன்வைத்த கொள்கையே இத்துறைக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது.

கேள்வி: இதில் மனிதர்கள் இயல்பாகவே வல்லவர்களா?

பதில்: பொருத்துவதில் வல்லவர்கள், தக்க வேளையில் நினைவுகூர்வதில் அல்லர். ஆரோக்கியமான திசுவைச் சிதைக்காமல் கதிர்களைக் கொண்டு கட்டியை எப்படி அழிப்பது என்ற புதிரை உளவியலாளர்கள் மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1980இல் வெளியிட்ட ஆய்வில் பலரிடம் கொடுத்தார்கள். படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல பாதைகளில் அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைச் சற்று முன்புதான் படித்திருந்தும், வலுக்குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து குவிக்கலாம் என்பது சிலருக்கே தானாகத் தோன்றியது. கதை உதவும் என்று சொன்னதும் பெரும்பாலோர் விடை கண்டார்கள்.

கேள்வி: "அரசன் கழித்தல் ஆண் கூட்டல் பெண்" என்று கணக்கிட்டால் கணினி "அரசி" என்கிறதே, அது ஒப்புமை அல்லவா?

பதில்: சொற்களை எண்வரிசைகளாக மாற்றி, அவற்றைக் கூட்டிக் கழித்துப் பெற்ற விடைக்கு மிக அருகில் உள்ள சொல்லைத் தேடுவதே இந்தக் கணக்கு. 2013இல் வெளியான இந்த முடிவு வியப்புக்குரியதுதான். ஆனால் கேள்வியில் உள்ள மூன்று சொற்களையும் விடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டே தேடுவது வழக்கம். நீக்காவிட்டால் அவற்றுள் ஒன்றே பெரும்பாலும் விடையாக வந்து நிற்கும். அதனால் இதை ஒப்புமைக்கான வலுவான சான்றாக நான் கொள்வதில்லை.

கேள்வி: அப்படியானால் கணினிக்கு எது கடினம்?

பதில்: எது முக்கியம் என்று முடிவு செய்வது. ஜென்ட்னரின் கொள்கையில் எழுந்த நிரல்கள் உறவுகளை அழகாகப் பொருத்தின; ஆனால் அந்த உறவுகளை முன்கூட்டியே தேர்ந்து எழுதித் தந்தவர்கள் மனிதர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று அறிவாற்றல் அறிவியலாளர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரும் அவருடைய மாணவர்களும் சாடினார்கள். அந்தச் சாடல் நியாயமானது என்றே கருதுகிறேன். ஹாஃப்ஸ்டாட்டரும் மெலனி மிட்செலும் உருவாக்கிய காப்பிகேட் நிரல் எழுத்துப் புதிர்களை எடுத்துக்கொண்டது. ஏ-பி-சி என்பது ஏ-பி-டி ஆனால், எக்ஸ்-ஒய்-இசட் என்ன ஆகும்? இசட்டுக்கு அடுத்த எழுத்து இல்லை. தொடரைத் தலைகீழாகப் பார்த்து, கடைசி எழுத்தை முன்னே நகர்த்துவதற்குப் பதிலாக முதல் எழுத்தைப் பின்னே நகர்த்தினால் டபிள்யூ-ஒய்-இசட் கிடைக்கிறது. பார்க்கும் கோணத்தையே பாதி வழியில் மாற்றிக்கொள்ளும் இந்தத் திறன்தான் ஒப்புமையின் உயிர்நாடி.

கேள்வி: இன்றைய பெரிய மொழி மாதிரிகள் அதைச் செய்கின்றனவா?

பதில்: 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி பல ஒப்புமைத் தேர்வுகளில் மனிதர்களுக்கு இணையாகவும் சிலவற்றில் மேலாகவும் விடையளித்தது. பிறகு மார்த்தா லூயிஸும் மிட்செலும் எழுத்துகளின் வரிசையைக் கலைத்துப் புதிய வரிசையைக் கொடுத்து, அதே வகைப் புதிர்களைக் கேட்டார்கள். மனிதர்கள் பெரிதும் தடுமாறவில்லை, மாதிரிகள் சறுக்கின. எழுத்துகளை எண்ணுவதில் உள்ள குறையே காரணம், ஒப்புமைத் திறனில் குறையில்லை என்று 2023 ஆய்வைச் செய்தவர்கள் மறுமொழி தந்தார்கள். விவாதம் முடியவில்லை. ஆயினும் பழகிய வடிவத்தில் கிடைத்த வெற்றியைவிட, பழகாத வடிவத்தில் ஏற்படும் சறுக்கலே எனக்கு அதிகம் சொல்கிறது.