தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் கொடுத்த ஐந்தாம் நாளே நன்றாகச் சாப்பிடுகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கூடாதம்மா. உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்த வெள்ளணுக்களுக்குள் பதுங்கியிருக்கும். பாதியில் விட்டால் மாதக்கணக்கில் கழித்து மூக்கில் ரத்தம் கொட்டலாம். கிலோ எடைக்கு தினம் 10 மி.கி., முழுசாக 28 நாள். சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரை மட்டும் போதாது. அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் பரிசோதியுங்கள், பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு) எண்ணிக்கையோடு.

உண்ணி முட்டையிடுவது நாய்மேல் அல்ல, சுவர் வெடிப்பில். ஒண்டுக்குடித்தனம் என்றால் பக்கத்து வீட்டு விரிசலையும் சேர்த்தே சிமென்ட் பூசி அடையுங்கள். நாய் உடம்பில் மண்ணெண்ணெய் மட்டும் தடவவே தடவாதீர்கள், தோல் வெந்துவிடும்.