ரத்த குரூப் வேறு என்றால் பயமில்லையா? சொந்தத்தில் கல்யாணம் பேசும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: என் மகளுக்கும் என் அண்ணன் மகனுக்கும் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம். என் தங்கையின் குழந்தைக்கு தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகன் உயிரியல் புத்தகத்தைக் காட்டி, "அக்காவுக்கு நாலு பிள்ளை பிறந்தா ஒண்ணுக்கு இது கட்டாயம் வரும்" என்கிறான். அண்ணியோ, "ரெண்டு பேருக்கும் வேற வேற ரத்த குரூப், ஒண்ணும் வராது" என்கிறார். இதற்கு நடுவில் ஒரு லேப் ஆள் வீட்டுக்கே வந்து, ஜோடிக்கு 36,000 ரூபாய் கட்டினால் எச்சில் எடுத்து டிஎன்ஏ முழுவதையும் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்கிறார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. என்ன செய்ய?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த லேப் ஆளுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது எச்சில் இல்லை, ரத்தம். மகளுக்கும் அண்ணன் மகனுக்கும் ஆளுக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை இரண்டு பரிசோதனைகள்: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அதாவது சிபிசி, அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி. வெளியே எடுத்தாலும் இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தம்பதி பேக்கேஜ், கோல்டு பேக்கேஜ் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நம் எல்லோருக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று மட்டும் பழுதானால் அவர் கேரியர். பெரும்பாலும் கொஞ்சம் ரத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், முழு ஆயுள் வாழலாம். இரண்டும் பழுதானால்தான் மேஜர். புத்தகத்தில் கட்டம் போட்டுக் காட்டும் நாலில் ஒன்று என்பது, கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால் மட்டும்தான். அப்போதும் நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு. தாயம் உருட்டுவது போலத்தான், போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தங்கை குழந்தைக்கு மேஜர் என்றால் தங்கை கேரியர். அந்தப் பழுது உங்கள் அப்பா அல்லது அம்மா வழியாக வந்தது. அதனால் உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் மகளுக்கு அதில் பாதி, நாலில் ஒன்று. அண்ணன் மகனுக்கும் நாலில் ஒன்று. இருவருமே கேரியராக இருக்கும் வாய்ப்பு 16-ல் 1. பிறக்கும் குழந்தைக்கு மேஜர் வரும் வாய்ப்பு 64-ல் 1. வெளியிலிருந்து வந்த அண்ணியையும் உங்கள் கணவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இந்த 64-ஐ நம்பி மண்டபத்துக்கு மீதிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பரிசோதனை செய்தால் அந்த எண் ஒன்று கிட்டத்தட்ட பூஜ்யமாகும், இல்லையென்றால் நாலில் ஒன்றாகும். நடுவில் நிற்காது.

அண்ணியின் ரத்த குரூப் கணக்குக்கு இதில் வேலையே இல்லை. ஏ, பி, ஓ குரூப்பைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆவது குரோமோசோமில் கிடக்கிறது. தலசீமியாவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தும் கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு அடுத்ததாக ரத்த குரூப்பைத்தான் கேட்கிறார்கள். நெகட்டிவ் குரூப் பெண்ணுக்கு கர்ப்பத்தின்போது ஓர் ஊசி போட வேண்டியிருக்கலாம். அது தனி விஷயம்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் போகும் முன்னாலேயே இரண்டு எண்களை நீங்களே பார்க்கலாம். சிபிசியில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் அளவு, 80-க்குக் கீழே இருக்கிறதா? ஹெச்பிஎல்சியில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேலே இருக்கிறதா? உதாரணத்துக்கு ஒரு தாள்: ஹீமோகுளோபின் 10.8, எம்சிவி 64, சிவப்பணு எண்ணிக்கை 57 லட்சம், ஏ2 5.2. ரத்தம் குறைவு, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை ஏராளம், ஒவ்வொன்றும் பொடிசு. கேரியரின் அச்சு அசல் தாள் இதுதான். இப்படிப்பட்ட பெண்களுக்கு, ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். அதே தாளில் இரண்டு வரி கீழே கண்ணை இறக்கினால் விடை இருக்கிறது. இறக்குவதற்கு யாருக்கும் நேரமில்லை.

இங்கே ஒரு சிக்கல், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரும்புச்சத்து நன்றாகக் குறைந்திருந்தால் ஏ2 அளவும் இறங்கிவிடும். கேரியராக இருப்பவருக்கே 3.3, 3.4 என்று காட்டும். லேபில் 'நார்மல்' என்று அச்சடித்துக் கொடுப்பார்கள், நீங்களும் பத்திரிகை அடிக்கப் போய்விடுவீர்கள். மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகும் நம் பெண்களிடம் இது அபூர்வமே இல்லை. ஆகவே ஏ2 3.5-ஐ ஒட்டி நிற்கிறது, எம்சிவியும் குறைவு என்றால் அந்த 'நார்மலை' நம்பாதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எடுங்கள். அது குறைவாக இருந்தால் மூன்று மாதம் இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு இரண்டையும் திரும்ப எடுங்கள். அப்போதும் எம்சிவி ஏறவில்லை என்றால்தான் டிஎன்ஏ பரிசோதனை, அதுவும் பீட்டா குளோபின் மரபணுவுக்கு மட்டும். இன்னொன்று: பெண்ணின் தாள் குழப்பமாக இருந்து பையனின் தாள் சுத்தமாக இருந்தால், இந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் கேரியர் இல்லை என்றாலே தலசீமியா மேஜர் கவலை தீர்ந்தது.

இருவருமே கேரியர் என்று வந்துவிட்டால்? கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுப்பது ஒரு வழி. தாராளமாக எடுக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொண்டு, கர்ப்பமான பதினோராவது வாரத்தையொட்டி நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துக் குழந்தையின் நிலையைத் தெரிந்துகொள்வது இன்னொரு வழி. மேஜர் என்று தெரிந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அவர்கள் இருவரின் முடிவு. சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. இதற்கும் டிஎன்ஏ பரிசோதனை தேவைப்படும். அதிலும் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தங்கை குழந்தையின் பழைய ரிப்போர்ட்டில் எந்தப் பழுது என்று ஏற்கெனவே எழுதியிருக்கலாம். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் போங்கள். எங்கே தேடுவது என்று தெரிந்தால் செலவும் குறையும், நாளும் குறையும்.

இதையெல்லாம் கர்ப்பமான பிறகு ஆரம்பித்தால் மூச்சு வாங்கும். கர்ப்பிணிக்கு முதல் வருகையிலேயே சர்க்கரை பார்க்கிறோம், ஹெச்ஐவி பார்க்கிறோம். தலசீமியாவைப் பல இடங்களில் நான்காவது மாதம் தாண்டி யாராவது ஞாபகம் வந்தால் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் 'மெஷின் இருக்கு, கெமிக்கல் வரல, அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. இலவசமாகக் கிடைத்தால் அங்கேயே எடுங்கள். இரண்டு முறை அலைய விட்டால் மூன்றாவது முறை போகாதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி ஏஜென்ட்கள். வீட்டுக்கு வரும் ஆளுக்கு ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கமிஷன். நூற்றுக்கணக்கான நோய்களைப் பார்க்கிறோம் என்பார். கடைசியில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று மூன்று வரி இருக்கும் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பார். அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டுப்போய் எங்களிடம் வருகிறவர்கள் அதிகம். கர்ப்பமானதும் அடுத்த ஆள் வருவார், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி. குழந்தைக்குத் தலசீமியா இருந்தால் அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அந்தக் குழந்தையின் தலசீமியாவைக் குணப்படுத்த அது உதவாது. மூன்றாவதாக ஒருவர், 'நஞ்சுக்கொடியில எடுத்த திசுவிலேயே ஆணா பெண்ணா என்றும் சொல்லிடலாம்' என்று காதோடு சொல்வார். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் சிறை.

சொந்தத்தில் கட்டுவதால் மற்ற மரபுக் குறைபாடுகளும் சற்றுக் கூடுதலாக வரலாம். மாமன் மகன், அத்தை மகள் உறவென்றால் பொதுவாக இருக்கும் ஆபத்துக்கு மேல் இரண்டு, மூன்று சதவீதம். வீட்டில் வேறு யாருக்காவது காது கேளாமை, வலிப்பு, சிறு வயது மரணம் இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முடிவு எதுவானாலும் மகளின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடாதீர்கள். பையன் கேரியர் என்றால் 'பரவாயில்லை' என்பார்கள். பெண் என்றால் 'நோயாளிப் பொண்ணு' என்று ஊரே பேசும். உங்கள் மகனுக்கும் பரீட்சை முடிந்ததும் அதே இரண்டு பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்ந்திருக்கிறது. தங்கை குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா? கூடப் பிறந்த குழந்தை இருந்தால் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. பொருந்தினால் கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வேலூர் சிஎம்சி அந்தத் திட்டத்தில் இருக்கும் மருத்துவமனை. வயது வரம்பும் வருமான வரம்பும் இருப்பதால் இந்த மாதமே விசாரிக்கச் சொல்லுங்கள்.